குழாயில் எண்ணெய் உறைந்தது பற்றி மாப்பிள்ளைக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சுகம். லாரிக்குத்தான் சுகமில்லை.

இந்தக் கடிதத்துக்கு உறை வாங்கத் தபால் நிலையம் போயிருந்தேன். வரிசையில் முன்னால் நின்ற அம்மாள் மூக்கைச் சுளித்து, "யாருங்க இங்க பொரிச்ச கோழியைப் பிரிச்சு வச்சுக்கிட்டு நிக்கிறது?" என்று சத்தமாகக் கேட்டார். எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். குனிந்து மேசைக்கு அடியில்கூடத் தேடினேன். வாசனை என் சட்டையிலிருந்துதான் வருகிறது என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

"நடந்தது நடந்துவிட்டது மாமா, எப்படி நடந்தது என்றுதான் புரியவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் இவ்வளவு மரியாதையாகக் கேட்டிருக்க மாட்டேன். மகள் புது வேலையில் சேர அங்கே வருவதற்கு, சாமான் ஏற்ற வாடகை லாரி பேசியாயிற்று என்று நீங்கள் போனில் சொன்னபோதே நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எங்கே! "சொந்தமா லாரி வச்சிருக்கிற அப்பன், மக சாமானை அடுத்தவன் வண்டியிலயா ஏத்துவான்?" என்று மார்தட்டினேன். உங்கள் அத்தை அப்போதே சொன்னாள்: "ஏத்துங்க, ஏத்துங்க. கட்டில் பீரோவோட உங்க மானமும் ஏறுது. பார்த்து இறக்குங்க."

அந்த லாரி, பட்டாளத்தில் கழித்துப் போட்டதை நான் ஏலத்தில் எடுத்தது. எதை ஊற்றினாலும் எரிக்கும். டீசல் ஊற்றினேன், மண்ணெண்ணெய் ஊற்றினேன், ஓட்டல்களில் பொரித்து முடித்த எண்ணெயை வாங்கிவந்து, உங்கள் மனைவியின் பழைய ஜீன்ஸ் காலில் விட்டு வடிகட்டி அதையும் ஊற்றினேன் (பழைய ஜீன்ஸ் என்று நான் நினைத்தேன், அவள் அப்படி நினைக்கவில்லை). ஒருநாள் வழியில் தீர்ந்துபோய், தலைக்குத் தடவ வாங்கிய தேங்காய் எண்ணெயைக் குடித்தே வீடு வந்து சேர்ந்தது. அதற்கு ஒரே ஒரு பத்தியம்தான். சின்ன டாங்கில் டீசல், பெரிய டாங்கில் எண்ணெய். டீசலில் கிளப்பி, இஞ்சின் சூடானதும் ஒரு கைப்பிடியைத் திருப்பி எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன்னால் மறுபடி டீசலுக்கு மாற்றினால் அது குழாயைக் கழுவிவிடும். மாற்றாமல் நிறுத்தினால், குளிரில் எண்ணெய் குழாய்க்குள்ளேயே மெழுகு மாதிரி இறுகிவிடும், பிறகு டீசலுக்கும் வழி இருக்காது. கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லோருக்கும் இதைப் பாடம் நடத்தியவன் நான். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அவள், வண்டி எங்கள் தெருவில் திரும்பும்போது, "அப்பா, மாத்தியாச்சா?" என்று அதட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை மலை ஏறும்வரை ராஜநடை. பாதி மலையில் சாலை வேலை. சிவப்புக் கொடி பிடித்தவர் கையைக் காட்டினார். இஞ்சினை ஓடவிட்டபடி நின்றிருக்கலாம். அவரோ காதைப் பொத்திக்கொண்டு, "பெரியவரே, நிறுத்துங்க, மலையே இடிஞ்சு விழுந்துடும் போலிருக்கு" என்றார். நிறுத்தினேன். கைப்பிடியைத் திருப்ப மறந்துவிட்டேன். அவளும் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள், ஞாபகப்படுத்த ஆளில்லை. பனி இறங்கியது. ரொம்ப நேரம் கழித்துப் பச்சைக் கொடி காட்டினார்கள். சாவியைத் திருகினால் இருமல்தான் வருகிறது. பின்னால் இருந்த வண்டிகள் அத்தனையும் அலறின. அவள் திடுக்கிட்டு விழித்துக் கேட்ட முதல் கேள்வி: "மாத்தியாச்சாப்பா?"

"மறந்துட்டேம்மா."

"எதை மறந்தாலும் இதை மறக்க மாட்டீங்களேப்பா!"

நான் குழாயைத் தடவிக்கொண்டிருந்தேன். கொடிக்காரர் டீ கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து ஊற்றினார். "என்னங்க இது, பசிக்குதே!" என்றார். இஞ்சின் இரண்டு முறை தும்மியது, அவ்வளவுதான். கடைசியில் மறுநாள் காலை முட்டைக்கோஸ் ஏற்றிவந்த வேனில் அவளை அனுப்பினேன். மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வேலையில் சேர வேண்டிய காலைநேரம் அங்கேயே போயிற்று. அவள் ஆசைப்பட்ட பரிசோதனைக்கூட வேலை, நேரத்துக்கு வந்த இன்னொருவருக்குப் போய், இவளுக்குப் புகார் கேட்கிற மேசை கிடைத்தது என்று எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு அன்று நான் சாப்பிடவில்லை. அந்த மேசையில் முதல் புகார் என்மேல்தான் இருக்கும், நியாயமானதுதான். போன் செய்தால், "அம்மாகிட்ட குடுங்க" என்கிறாள். கொடுக்கிறேன். பக்கத்திலேயே நின்று, சத்தம் கேட்கிறதா என்று பார்க்கிறேன். பின்னால் வாடகை வண்டியில் அனுப்பிய மெத்தையை எண்ணெய் வாடை போக வெயிலில் போடுங்கள், நாய் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். லாரியை விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். வயசாகிவிட்டது, ஞாபகம் நிற்பதில்லை. அவளிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள், மறதிக்காரக் கிழவனை மன்னிக்கச் சொல்லுங்கள்.

நீங்கள் இருவரும் ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டு, குறைவில்லாமல் வாழ எங்கள் இருவரின் மனம் நிறைந்த ஆசிகள்.

இப்படிக்கு,
வெட்கத்துடன், மாமனார்

பி.கு.: மேலே உள்ளதை மட்டும் அவளுக்குப் படித்துக் காட்டுங்கள், இதை வேண்டாம். நான் மறக்கவில்லை. அந்தக் கைப்பிடி அவள் காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. சன்னலோரம் நிலைக்கண்ணாடியை நிறுத்தியிருந்ததால் அவள் என்னை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். சாமான் கட்டிக் கட்டித் தூக்கம் கெட்ட பெண், மலை ஏற ஆரம்பித்ததும் என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். கொடிக்காரர் கை காட்டியபோது நான் கைப்பிடியைத்தான் பார்த்தேன். எட்டித் திருப்பினால் தோள் அசையும். இனி எந்தக் காலத்தில் அப்படித் தூங்கப்போகிறாள் என்று தோன்றியது. மாற்றவில்லை.