சரோஜினி குளிக்கிறாள்

“அம்மா, சரோஜினி ஆன்ட்டிகிட்ட போனைக் குடுங்க” என்றான் யுகேந்திரன்.

மெர்சிங் கடற்கரைக்கு எதிரே இருந்த விடுதியில், கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்த தேன்மொழி பக்கத்துக் கட்டிலைப் பார்த்தாள். அது காலியாகக் கிடந்தது.

“குளிக்கிறாங்கப்பா.”

“சரி, வந்ததும் பேசச் சொல்லுங்க.”

சரோஜினி குளித்துவிட்டு வர வழியே இல்லை. அப்படி ஒருத்தி பிறக்கவே இல்லை.

செனாய் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு தேன்மொழிக்கு ஓர் ஆசை வந்தது. ஒரே ஒரு தடவை தனியாகக் கடலுக்குப் போய் வர வேண்டும். கடலைப் பார்க்காதவள் இல்லை அவள். குடும்பத்தோடும் கோயில் பஸ்ஸிலும் எத்தனையோ தடவை போயிருக்கிறாள். எல்லாரும் தண்ணீரில் இறங்குவார்கள். கரையில் செருப்பு, கைப்பை, கார் சாவி, யாரோ கழற்றிக் கொடுத்த மூக்குக்கண்ணாடி, அத்தனைக்கும் காவல் தேன்மொழி. கடைசியில், “அட, நீங்க இறங்கலியா?” என்று யாராவது கேட்பார்கள். அதற்குள் டிரைவர் ஹாரன் அடித்துவிடுவார்.

இந்த ஆசையைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டதுதான் அவள் செய்த முதல் தப்பு. கூலாயிலிருந்து பாலோ வரைக்கும் இருந்த சொந்தமெல்லாம் பதறியது. எல்லாருக்கும் முந்திக்கொண்டவள் நாத்தனார் பிரேமலா.

“தனியாவா? என்ன அண்ணி இது! போன வருஷம் நானும்தான் கடலுக்குப் போனேன். தனியாவா போனேன்? ஆபீஸ் பிரெண்டு கமலவேணியக் கூட்டிக்கிட்டுத்தானே போனேன்?”

அவள் வாயை அடைக்கத்தான் தேன்மொழி, “என்கூட சரோஜினி வராங்க, பேக்டரி பிரெண்டு” என்று எழுதினாள். அது இரண்டாவது தப்பு. ‘யாரு அவங்க, நாங்க பார்த்ததே இல்லையே?’ என்று கேட்டதற்கு, “சுத்த சைவம், யார் வீட்டுக்கும் வரமாட்டாங்க” என்று சொன்னாள். உடனே மருமகள் சரோஜினிக்கென்று தனியாகச் சைவச் சமையல் செய்து, டப்பா டப்பாவாகக் கட்டிக் கொடுத்துவிட்டாள். இல்லாதவளின் சாப்பாட்டைச் சுமந்து பஸ் மாறி பஸ் மாறி வந்ததில் தேன்மொழிக்குத் தோள் கழன்றுபோயிற்று.

போன் மறுபடியும் அடித்தது. இந்தத் தடவை பிரேமலா.

“என்ன அண்ணி, இன்னுமா குளிக்கிறாங்க? வழுக்கி கிழுக்கி விழுந்துட்டாங்களா?”

“இல்ல இல்ல, வந்துட்டாங்க. லேசா தலை சுத்துதுன்னு படுத்திருக்காங்க.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அடுத்த நிமிடமே மகன் கூப்பிட்டான்.

“அலமாக்! தலை சுத்துதா? பிரஷரா இருக்கப்போவுதும்மா. நான் வந்து கிளினிக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“ஐயோ வேணாம்பா, எழுந்துட்டாங்க! இதோ, ரெண்டு பேரும் சாப்பிடப் போறோம்லா.”

“அப்போ போட்டோ அனுப்புங்க.”

தேன்மொழி கீழே ஓடினாள். விடுதியின் சாப்பாட்டுக் கடையில் இரண்டு தட்டுச் சோறு வாங்கி, எதிரும் புதிருமாக வைத்துப் படம் பிடித்து அனுப்பினாள். தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது.

பிரேமலா விடவில்லை. “சுத்த சைவம்னு சொன்னீங்க. ரெண்டு தட்டுலயும் மீன் தலை இருக்கு?”

அதன் கீழே யுகேந்திரன் எழுதியிருந்தான்: “அம்மா, எனக்கு ஒண்ணும் சரியாப் படல. இப்ப வீடியோ கால் போடுறேன். ஆன்ட்டி முகம் தெரியலன்னா கார எடுத்துடுவேன். ராத்திரிக்குள்ள நீங்க வீட்டுல இருப்பீங்க.”

கடல் கண்ணெதிரேதான் இருந்தது. சாலையைக் கடந்தால் போதும். இன்னும் கால்கூட நனைக்கவில்லை. தேன்மொழிக்குக் கண் கலங்கிவிட்டது.

இல்லாத பிரெண்டு, குளியல், கிளினிக், நாத்தனார், மீன் தலை, வீடியோ கால் என்று அவள் வாய்விட்டுப் புலம்பியதையெல்லாம் கல்லாவில் உட்கார்ந்திருந்த வெள்ளையம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். விடுதி அவளுடையது. அந்த வட்டாரத்தில் நம் தமிழர்கள் நடத்தும் விடுதி அது ஒன்றுதான். மெல்ல எழுந்து வந்தாள்.

“என் பேரு என்ன தங்கச்சி?”

“ஆங்?”

“கூட வந்தவ பேரு என்ன, எங்க வேலை பார்த்தா? அது போதும்.”

“சரோஜினி... செனாய் பேக்டரி.”

வெள்ளையம்மா ஏப்ரனைக் கழற்றினாள். கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஒரு சிவப்புப் பயணப்பையை இழுத்துத் தோளில் மாட்டினாள். கறுப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டாள். போன் அடித்தது.

திரையில் ஒரு கட்டத்தில் மகன், இன்னொரு கட்டத்தில் பிரேமலா.

“ஆன்ட்டி, உடம்பு எப்படி இருக்கு?”

“எனக்கென்ன தம்பி, நல்லாத்தான் இருக்கேன். நிம்மதியா ஒரு குளியல் போட முடியல, அதுக்குள்ள கிளினிக்குன்றீங்க!”

“அந்த மீன் தலை மட்டும் எப்படி...” என்று ஆரம்பித்த பிரேமலா, திரைக்குக் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். “சரி, விடுங்க” என்று வாயை மூடிக்கொண்டாள்.

வெள்ளையம்மா விடவில்லை. “ரெண்டு தட்டும் உங்க அண்ணிதான் சாப்பிடறாங்க. ஆசையா சாப்பிடட்டுமே! தம்பி, செனாய்ல உங்கம்மாவும் நானும் ஒரே லைன். நான் பார்த்துக்க மாட்டேனா? வைங்க போனை.”

யுகேந்திரன் மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்தான்.

“உன் கைப்பையை இங்கயே போட்டுட்டுப் போ தங்கச்சி” என்றாள் வெள்ளையம்மா, ஏப்ரனைக் கட்டிக்கொண்டே.

தேன்மொழி சாலையைக் கடந்தாள். செருப்பை மணலில் விட்டாள். அதற்கு யாரும் காவல் இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, போனைக் கையில் பிடித்தபடி, முழங்கால் நனையும்வரை இறங்கினாள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. இவ்வளவு வருஷமாக அது சில்லென்று இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள்.

போன் அடித்தது. பிரேமலா.

“அண்ணி, பக்கத்துல யாரும் இல்லியே?” பிரேமலாவின் குரல் கிசுகிசுத்தது. “யுகேந்திரன்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க. அந்தச் சிவப்புப் பையைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. போன வருஷம் என்கூட வந்த கமலவேணி அவங்கதான்.”