நாலு சில்லும் அக்காவின் புதிரும்

நான் நாலு சில்லில் ஓடும் உழவு இயந்திரம் வாங்கியதற்கு நிலமோ, நேரமோ, நாட்டின் முன்னேற்றமோ காரணமில்லை. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: அதில் ஓர் இருக்கை இருந்தது. இருந்துகொண்டு உழ வேண்டும் என்ற ஆசை ஒருவனுக்கு வந்துவிட்டால், பிறகு யார் சொல்வதும் அவன் காதில் ஏறாது. எனக்கு அந்த ஆசை வந்தபோது கலியாணம் முடித்துக் கொஞ்சக் காலம். மீசைக்குத் தினமும் எண்ணெய் போடுகிற பருவம்.

அதுவரை எனக்கும் அக்காவுக்கும் பொதுவாக ஓர் இரண்டு சில்லு மெசின் இருந்தது. கைபிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்க வேண்டும். அது இழுத்த பக்கம் போகவேண்டும். உழுது முடித்து வீட்டுக்கு வந்தால், கை ஆடுகிற ஆட்டத்தில் தேத்தண்ணீரில் பாதி இடுப்புச் சாரத்தில் ஊற்றுப்படும். (உழவு நாட்களில் என் மனைவி எனக்கு அரைக் கோப்பைதான் தருவாள்.) ஆனால் அதைக் குறை சொல்லக் கூடாது. எங்கள் தீவில், கரம்பொன்னில், எங்கள் இருவருடைய வயலையும் அது முறையாக உழுது தந்தது.

அக்காவின் வயல் கடற்கரைப் பக்கம், என்னுடையது அதற்கு மேலே சற்று உயரத்தில். அத்தான் தெற்கே குருநாகலில் கடை வைத்திருந்தார். தீவாரில் பாதிப்பேர் அப்படித்தான்: குடும்பம் இங்கே, கல்லாப்பெட்டி அங்கே. தைப்பூசத்துக்குத் தவறாமல் வருவார். அன்றைக்கு அக்கா தன் வயலின் முதல் கதிரை அறுத்து, குற்றி, அந்தப் புது அரிசியில் சோறாக்கி அவருக்குப் படைப்பாள். புதிர் எடுப்பது என்று சொல்வோம். ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் தனி மனுசியாக நின்று விளைவித்த நெல் அது. கடை அரிசி தன் வாசற்படி தாண்டியதில்லை என்பதில் அவளுக்குச் சரியான பெருமை.

"இருக்கிற மெசின் உனக்கு என்ன செய்தது?" என்று கேட்டாள்.

"காலம் மாறுதக்கா. இறக்குமதி எல்லாம் திறந்து விட்டிட்டாங்கள். யப்பான் சாமான் வந்து குவியுது."

"காலம் மாறட்டும். எங்கட வயல் அதே துண்டுதானே?"

 நான் இன்னும் சத்தமாகப் பேசினேன். கடைசியில் அவளே இறங்கி வந்தாள்.

"சரி, உன்ரை விருப்பம். ஆனா ஒண்டு சொல்லிப்போட்டன். தைப்பூசத்துக்கு என்ரை வயலிலை கதிர் நிக்க வேணும்."

"இரண்டு மடங்கு நிக்கும்!" என்றேன்.

பழையதை விற்று, கடன்பட்டு, புதியதை யாழ்ப்பாணத்தில் இருந்து நானே ஓட்டிக்கொண்டு வந்தேன். பெரிய பண்ணைகளில் நிற்கிற பூதம் அல்ல அது, சின்ன ஆள்தான். ஆனாலும் எங்கள் ஊருக்கு யானை. மண்கும்பானில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வேலணையில் தாகமே இல்லாமல் ஒரு தேத்தண்ணீர்க் கடை முன்னால் நிறுத்தி, ஒருவரும் கேளாமலே "யப்பான்" என்று சொன்னேன். வீட்டில் தேங்காய் உடைத்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்தோம். அக்கா இருக்கையைத் தட்டிப் பார்த்து, "மெத்தையாத்தான் கிடக்கு" என்றாள்.

அடுத்தநாள் காலை வயலுக்கு வெளிக்கிட்டேன். வீட்டு வேலிகளுக்கு நடுவால் வயலுக்குப் போகிற ஒழுங்கையின் அகலத்தை நான் முன்னமே அளந்திருந்தேன். (மடையன் என்று நினைக்காதீர்கள்.) இரண்டு கையையும் விரித்து அளந்தேன். தாராளமாக இருந்தது. அளந்தது ஒழுங்கையின் வாயில் மட்டும் என்பதுதான் பிழை.

எங்கள் ஊரில் வேலி நடக்கும். ஒவ்வொரு முறை வேலி அடைக்கும்போதும், பழைய கதியால் தடி பட்டுவிட்டது என்று புதுக் கதியாலை ஒரு சாண் வெளியே தள்ளி நடுவார்கள். எதிர்ப்பக்கத்துக்காரரும் சும்மா இருக்கமாட்டார். பாட்டன் காலத்தில் வண்டில் போன ஒழுங்கை, என் காலத்தில் ஒரு மாடும் அதன் பின்னால் ஒரு மனிதனும் போகிற அளவுக்கு வந்திருந்தது. இரண்டு சில்லு மெசின் அதில் வழுக்கிக்கொண்டு போகும். நாலு சில்லு நடு ஒழுங்கையில் போய், இரண்டு பக்கமும் வேலியோலைக் கிடுகைக் கிழித்துக்கொண்டு இறுகி நின்றது.

எதிர் வேலிக்காரர் கனகசபை அண்ணை எட்டிப் பார்த்தார்.

"என்ன தம்பி, கப்பலை ஒழுங்கைக்கை விட்டிட்டீர்?"

"அண்ணை, உங்கட கதியால் ஒரு நாலைப் பிடுங்கினால் போயிடுவன்."

"அதுக்கென்ன. முதல் உம்மட பக்கத்தைப் பிடுங்கும். வெளியிலை வந்து நிக்கிறது ஆருடைய வேலி எண்டு ஊருக்கே தெரியும்."

அவர் சொன்னது உண்மை. அப்படி வெளியே தள்ளி நட்டவர் என் ஐயா. அதைப் பெருப்பித்தவன் நான். அக்காவும் ஓடிவந்து, "பிடுங்கிப்போட்டுப் போவன்ரா, நாலு தடிதானே" என்று கெஞ்சினாள்.

"பிடுங்கினா நாங்கள் வேலியை வெளியிலை அரக்கிப் போட்டது எண்டு ஒப்புக்கொண்ட மாதிரியெல்லோ!" என்று சீறினேன். ஒரு முழ நிலம். அதில் ஒரு வெங்காயம்கூட நட ஏலாது. அதற்காக நான் அன்றைக்கு நின்ற நிலையை நினைத்தால் இப்போதும் என் காதை நானே திருகத் தோன்றும்.

பின்னுக்கு எடுத்து, கடற்கரையால் சுற்றிக்கொண்டு போனேன். அந்தப் பக்கம் அக்காவின் வயலுக்கும் கடலுக்கும் நடுவில் ஊரவர் களிமண் போட்டுக் கட்டிய அணை இருந்தது. உப்புத்தண்ணீர் உள்ளே வராமல் காப்பது அதுதான். ஏறிக் கடந்துவிடலாம் என்று நினைத்தேன். மெசின் அணையின் முதுகில் ஏறி, அங்கேயே இருந்துவிட்டது. நான் வேகத்தைக் கூட்டக் கூட்டச் சில்லு சுற்றிச் சுற்றி அணையைத் தோண்டியது. கரையில் நின்ற மீன்பிடிகாரர் நாலைந்து பேர் வந்து தோள்கொடுத்தார்கள். "வள்ளமெண்டா பழக்கம், இதை எந்தப் பக்கத்தாலை பிடிக்கிறது?" என்று ஒருவர் கேட்டார். ஒருவழியாக மெசின் உள்ளே விழுந்தது. அணையில் ஒரு வாசல் திறந்துவிட்டது.

உழுதேன். இருந்துகொண்டு இரண்டு வயலையும் உழுதேன்! பார்க்க வந்தவர்களுக்குக் கை காட்டினேன். திரும்புகிற இடங்களில் உள்வரம்புகளையும் மிதித்தேன். போகும்போதும் அதே வாசலால்தான் போனேன். பிறகு உடைத்த இடத்தில் உதிரி மண்ணைக் கொட்டி, மேலே பனையோலை பரப்பினேன். தூரத்தில் நின்று பார்க்க வடிவாக இருந்தது. நானும் தூரத்தில் நின்றுதான் பார்த்தேன்.

"அணையை ஒழுங்கா அடைச்சனியே?" என்று அக்கா கேட்டாள்.

"ஓமக்கா, ஓம். அடைச்சனான்."

விதைத்தோம். மழை பெய்தது. பயிர் பச்சையாக எழும்பியது. கார்த்திகையில் காற்றும் மழையுமாக நாலைந்து நாள் வீட்டை விட்டு வெளிக்கிட முடியவில்லை. வானம் வெளித்த அன்று காலை அக்கா ஆள் அனுப்பினாள். நான் போனபோது வயலுக்குள் முழங்கால் தண்ணீரில் நின்றாள். விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தாள்.

"நீயும் பார்" என்றாள்.

நானும் வைத்தேன். கடல்! ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "கொஞ்சம்தானக்கா" என்றேன்.   அக்கா குனிந்து, தண்ணீருக்குள் சாய்ந்து கிடந்த பயிரை நிமிர்த்தி விட்டாள்.

களிமண் ஏற்றி அணையை அடைக்கிறேன் என்று மெசினை இறக்கினேன். அது அச்சு வரை புதைந்து, மஞ்சளாகிக்கொண்டிருந்த பயிருக்கு நடுவில் குந்திவிட்டது. கடைசியில் கனகசபை அண்ணை தன் எருதுகளைக் கொண்டுவந்து இழுத்துத் தந்தார். வேலியைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்தாவது ஆறியிருப்பேன்.

அக்காவின் வயலில் ஒரு கதிரும் மிஞ்சவில்லை; மேட்டில் கிடந்த என் வயல் தப்பிவிட்டது. அதுதான் பெரிய வெட்கம். தைப்பூசத்துக்கு முதல்நாள் என் வயல் கதிரை ஒரு பிடி அறுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன்.

"இது உன்ரை வயல் கதிர். உன்ரை மனுசியிட்டைக் குடு, அவள் புதிர் எடுக்கட்டும்" என்றாள். பிறகு மெல்ல, "அவருக்கு நான் ஒண்டும் அறிவிக்கேல்லை. வந்து சோறு திண்டிட்டுப் போகட்டும். நீ வாயைத் திறக்காதை" என்றாள். அவளுடைய கையில் சங்கக்கடை அரிசிப் பை இருந்தது. அன்றைக்கு யாராவது என்னைச் செருப்பால் அடித்திருந்தால் கோடி புண்ணியம்.

அடுத்தநாள் அத்தான் வந்து, கிணற்றில் தோய்ந்து, சப்பாணி கட்டி இருந்தார். எனக்கும் பக்கத்தில் இலை போட்டிருந்தது. அக்கா சோற்றைப் போடும்போது நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். நாள் முழுக்க அரிசி நிறுக்கிற மனிதருக்குக் கடை அரிசி தெரியாதா? அத்தான் ஒரு பிடி குழைத்து வாயில் வைத்தார். மென்றார்.

"சோறு நல்லாய்த்தான் இருக்கு. கறிக்குத்தான் கொஞ்சம் உப்புக் காணாது."

அகப்பை அக்காவின் கையில் அப்படியே நின்றது.

"உப்போ? உப்பு வேணுமெண்டா தம்பியைக் கேளுங்கோ! எனக்கெண்டு ஒரு கடலையே கொண்டந்து விட்டவன்!"

சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். அடக்க முடியாத சிரிப்பு. அத்தான் விளங்காமல் அவளையும் என்னையும் பார்த்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு அழுகையாகிவிட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குசினிக்குள் போனாள். அத்தானுக்கு எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன்.

அந்த வயல் உப்புக் கழிந்து மறுபடி விளைய எத்தனையோ மாரி எடுத்தது. அடுத்த விதைப்புக்கு முன்னம் எங்கள் கதியால்களை ஒரு முழம் உள்ளே நட்டேன். அதைப் பார்த்துக் கனகசபை அண்ணையும் தன்னுடையதை உள்ளே எடுத்தார். இப்போது அந்த ஒழுங்கையால் லொறி போகலாம். நாலு சில்லைத்தான் கடனை அடைக்க விற்றுவிட்டேன்.

அக்காவுக்கு இப்போது பிரசர். டொக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார். அதனால் அவள் வீட்டுக் கறியில் எந்த நாளும் உப்புக் காணாது, பகிடிக்கும் ஓய்வில்லை. இலைக்கு முன்னால் இருந்தவுடன் அவள் பிள்ளைகள், "மாமா, உப்பு!" என்று கத்துவார்கள். கதை தெரியாதவர் யாராவது பந்தியில் இருந்தால் முழுவதையும் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே எழும்பிப் போய் உப்பு எடுத்துவருவேன். ஆனால் தைப்பூசத்தன்று அவள் முதல் அகப்பைச் சோற்றை இலையில் போடும்போது மட்டும், அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்கு இன்னும் முடிவதில்லை.