திங்கட்கிழமை நான் வராததற்கு மட்டக்குழாயே காரணம்

மரியாதைக்குரிய பெரிய மாமாவுக்கு,

தங்கள் தங்கை மகள் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவின் இடுப்புப் பிடிப்பைத் தவிர மற்ற எல்லாம் சுகம். அங்கே தாங்களும் அத்தையும் எந்தப் பிடிப்பும் இல்லாமல் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நேற்று மாலையிலிருந்து தங்கள் போனில் ஐந்து தவறிய அழைப்புகள் இருக்கும். ஐந்தும் நான்தான். ஒவ்வொரு முறையும் தாங்கள் எடுப்பதற்குள் எனக்குத் தைரியம் தீர்ந்துவிட்டது. ஆறாவது முறை அத்தை எடுத்தார்கள். அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வாயால் சொல்ல வராததால் கையால் எழுதுகிறேன்: திங்கட்கிழமை தங்கள் அலுவலகத்தில் வேலைக்குச் சேர நான் வரவில்லை. இன்று ஞாயிறு. இந்தக் கடிதம் கிடைக்கும்போது திங்கள் முடிந்திருக்கும். அதை உத்தேசித்தே தபாலில் அனுப்புகிறேன்.

தாங்கள் விதித்த நிபந்தனையை நான் மறக்கவில்லை. அந்த நாலு முள் மீட்டரைப் பார்சலில் அனுப்பிவிட்டு அப்பாவிடம் போனில் சொன்னீர்கள்: "இந்த மீட்டரை வெச்சு அந்த வண்டிய ஒரு மாசத்துக்குள்ள அவ சரி பண்ணிட்டா பட்டறையிலயே இருக்கட்டும். இல்லன்னா பேசாம ஆபீஸுக்கு வந்து சேரச் சொல்லுங்க. வீட்டுல முதல் பட்டதாரி கிரீஸ் கையோட நிக்கிறதப் பாக்க எனக்குச் சகிக்கல மச்சான்." அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். நான் ஸ்பானர் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வண்டி பல் டாக்டரம்மாவுடைய பைக். அதற்கு நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் காற்று நுழைய ஒரு வாசல் உண்டு, அதைத்தான் த்ராட்டில் பாடி என்கிறோம். நான்கு வாசலிலும் காற்றின் இழுப்பு ஒரே அளவாக இருக்க வேண்டும். நான்கு பேர் பீரோ தூக்கும்போது ஒருவர் மட்டும் கையைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பது நாங்கள் வீடு மாறிய அன்று உடனிருந்த தங்களுக்குத் தெரியும். அப்பாவின் இடுப்புப் பிடிப்பு அன்று ஆரம்பித்ததுதான். டாக்டரம்மாவின் வண்டியும் அப்படித்தான், நின்ற இடத்தில் உதறியது. மூன்று முறை சரிசெய்து கொடுத்தோம், மூன்று முறையும் திரும்பி வந்தார். "கண்ணாடியில பாத்தா பின்னாடி வர்ற ஒரு லாரி மூணாத் தெரியுது. இதுல எந்த லாரிக்கு நான் வழி விடறது?" என்று கேட்டார். போகப் போகச் சரியாகிவிடும் என்று அப்பா சொன்னதும் கையை உயர்த்தினார். "பல்லைப் பிடுங்கிட்டு, கொஞ்சம் பொறுத்துக்கங்கன்னு நான் சொல்லலாம். நீங்க சொல்லக் கூடாது. சனிக்கிழமை வரைக்கும் பாப்பேன், அப்புறம் வேற பட்டறை."

அந்த இழுப்பை அளக்கும் தங்கள் மீட்டரை மாட்டினோம். நான்கு குழாய், நான்கு வாசல், நான்கு முள். மூன்றாவது முள் மட்டும் கீழே நின்றது. அப்பா மூன்றாவது வாசலின் திருகைத் திருப்பித் திருப்பி நான்கு முள்ளையும் ஒரே எண்ணில் நிற்க வைத்தார். அழகாக இருந்தது. வண்டி முன்னைவிட மோசமாக உதறியது. "மச்சான் குடுத்த மீட்டர், அது தப்பாச் சொல்லாது" என்றார் அப்பா. "எங்க அண்ணன் எதையும் பாத்துத்தான் வாங்குவாரு" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். இரண்டு பேரும் சாப்பிடப் போன நேரத்தில் நான்கு குழாய்களையும் ஒவ்வொன்றாக ஒரே வாசலில் மாட்டிப் பார்த்தேன். வாசல் ஒன்று, இழுப்பு ஒன்று. மூன்று முட்கள் ஒரே எண்ணைச் சொல்லின. மூன்றாவது மட்டும் அங்கேயும் குறைத்துச் சொன்னது. குறை வண்டியின் மூன்றாவது வாசலில் இல்லை, தங்கள் மூன்றாவது முள்ளில் இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் ஒரு தாளில் எழுதி அப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் மடித்து வைத்தேன். அவர் தாளைப் பிரித்து, "ஏம்மா, பக்கத்துலயே நின்னுக்கிட்டு எனக்கு லெட்டர் போடுற?" என்றார். படித்து முடித்தபின் மீட்டரைப் பார்த்தார், அம்மா இருக்கும் திசையைப் பார்த்தார், தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

இனி எந்தக் கருவி என்ற கேள்வி வந்தது. அப்பா காதுதான் என்றார். ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு வாசலாகக் காட்டிக் கேட்டார். நான்கும் சேர்ந்து இரைந்ததில் அவருக்கு இடது காது அடைத்ததுதான் மிச்சம். உதிரிபாகக் கடைக்காரர் திரை வைத்த கருவி ஒன்றைச் சொன்னார். "போன்லயே படம் படமா வரும், பாப்பா." எப்போது வரும் என்று கேட்டேன். அடுத்த மாதம் வரும் என்றார். எனக்குத் திங்கட்கிழமை வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எதிர்ச் சந்தில் சுவர் எழுப்பும் கொத்தனாரைப் பார்த்தேன். சுவரின் இரண்டு முனையும் மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, தண்ணீர் நிரப்பிய மட்டக்குழாயை, உள்ளே தெரியும் அந்த பிளாஸ்டிக் குழாயை, ஆளுக்கொரு முனையாகப் பிடித்திருந்தார்கள். அந்தக் குழாயில் எண் இல்லை, முள் இல்லை, பொய் சொல்ல வழியும் இல்லை. இரண்டு முனையையும் இரண்டு வாசலில் மாட்டினால் இழுப்பு அதிகமான பக்கம் ஏறும், சமமானால் மட்டமாக நிற்கும். கல்லூரியில் ஒரு முழுப் பாடமாக இதைப் படித்துத் தேறியிருக்கிறேன். அந்தச் சந்தில் நின்றபோதுதான் அது ஞாபகம் வந்தது.

ஆறு முழம் குழாய் வாங்கிப் பலகையில் வளைத்துக் கட்டினேன். தண்ணீருக்குப் பதில் எண்ணெய் ஊற்றினேன், தப்பித்தவறி இன்ஜின் குடித்தாலும் கெடுதல் இல்லை என்று. குடித்தது. வெள்ளிக்கிழமை மாலை வண்டியைக் கிளப்பியதும் அப்பா பழக்க தோஷத்தில் ஆக்ஸிலேட்டரை ஒரு முறுக்கு முறுக்கினார். குழாயிலிருந்த எண்ணெய் முழுவதும் ஒரே மடக்கில் உள்ளே போய், நீலப்புகையாகத் தெருவுக்கு வந்தது. எதிர்க்கடைத் தையல்காரர், "பட்டறை பத்திக்கிச்சு!" என்று கத்திக்கொண்டு ஒரு வாளி மணலோடு ஓடிவந்தார். வண்டி என்ன ஆயிற்று என்று பார்க்க வந்த டாக்டரம்மா புகைக்குள்ளிருந்தே கேட்டார்: "சரி பண்ணச் சொன்னா கொசுவுக்கு மருந்து அடிக்கிறீங்களா?" "நாளைக்கு முடிஞ்சிரும்" என்று ஒரு குரல் சொன்னது. யார் சொன்னது என்று எல்லோரும் தேடினார்கள். நான்தான்.

சனிக்கிழமை மறுபடி எண்ணெய் ஊற்றினேன். இம்முறை அது குழாய்க்குள் குதி குதியென்று குதித்தது. அப்பா குனிந்து பார்த்தார். "மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குது. மூக்கைக் கொஞ்சம் அடைச்சு விடு." பழைய கார்புரேட்டர்களின் ஜெட் எனும் குட்டிப் பித்தளைத் திருகுகள் இரண்டைத் தேடி எடுத்தார். ஊசி நுழையும் துளைதான் அவற்றில். இரண்டு முனையிலும் செருகியதும் எண்ணெய் சாந்தமாயிற்று. அந்தச் சந்தோஷத்தில் அப்பாவின் கை மறுபடியும் ஆக்ஸிலேட்டருக்குப் போனது. "அப்பா! கையை எடுங்க!" என்று கத்தினேன். தையல் இயந்திரம் நின்றது. கொத்தனார் எட்டிப் பார்த்தார். அம்மா ஓடிவந்து, "யாருங்க கத்தினது?" என்றாள். "உன் பொண்ணுதான்." "என் பொண்ணா? இவ்வளவு குரலை இத்தனை நாளா எங்கடி வெச்சிருந்த?"

முதல் வாசலைத் தொடவில்லை. அதோடு இரண்டாவதை ஒப்பிட்டுத் திருகைக் கால் சுற்றுத் திருப்பினேன், பிறகு மூன்றாவது, பிறகு நான்காவது. மீட்டர் பேச்சைக் கேட்டு நாங்கள் கெடுத்து வைத்திருந்த மூன்றாவதுதான் அதிகம் திரும்பவேண்டியிருந்தது. நான்கும் மட்டமானபோது இன்ஜினின் சத்தம் மாறியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நாலு இல்ல. ஒண்ணுதான் கேக்குது" என்றார். டாக்டரம்மா ஏறி உட்கார்ந்து வண்டியை ஓடவிட்டபடி கண்ணாடியைப் பார்த்தார்.  பிறகு எதிர்க்கடைப் பலகையின் இடவலம் மாறிய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தார்: "ஒரே... நாளில்... தைத்துத்... தரப்படும்." அப்படியே திரும்பி, "ஏங்க டெய்லர், நான் கோட்டு குடுத்து மூணு வாரம் ஆச்சே?" என்றார். தையல்காரர் மணல் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நம் பட்டறையில் ஒவ்வொரு வண்டிக்கும் எழுதும் சீட்டில் கடைசி வரி, "வேலை செய்தவர்". இத்தனை வருடமாக அதில் அப்பாவின் கையெழுத்துத்தான். நான் வழக்கம்போலச் சீட்டை எழுதி அவரிடம் நீட்டினேன். அவர் பேனாவை வாங்கவில்லை. "யார் செஞ்சாங்களோ அவங்க போடணும்." போட்டேன். "என்னம்மா எறும்பு மாதிரி போடுற? பெருசாப் போடு." அடித்துவிட்டுப் பெரிதாகப் போட்டேன், மாமா. இரண்டு கோடுகளையும் தாண்டிப் போயிற்று.

ஆகவே தங்களிடம் என் விண்ணப்பம். "இந்த மீட்டரை வைத்து" என்று தாங்கள் சொன்னது உண்மை. அதன்படி நான் தோற்றவள்தான். ஆனால் வண்டி சரியாகிவிட்டது, சரி செய்தவள் நான். மீட்டர் பொய் சொன்னதற்கு நான் பொறுப்பில்லை. அதை வாங்கியதற்குத் தாங்களும் பொறுப்பில்லை, விற்றவர்தான் பொறுப்பு. நிபந்தனையைச் சற்றுத் தளர்த்தி என்னை மன்னிக்க வேண்டுகிறேன். எனக்காக நாற்காலி ஒதுக்கிவைத்திருந்த தங்கள் மேலாளரிடமும் என் வருத்தத்தைச் சொல்லவும். அத்தைக்கு என் அன்பு. இங்கே நேற்று மழை இல்லை என்றும் சொல்லவும். அம்மா தங்களை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள். அப்பா சிரிக்கிறார்.

தங்கள் ஆசியை என்றும் வேண்டும்,
தங்கை மகள்

பின்குறிப்பு: மேலே மீட்டரைப் பற்றி எழுதிய அனைத்தையும் தாங்கள் படிக்காததாகப் பாவிக்கவும். உறையை ஒட்டுவதற்குள் அப்பா மூன்றாவது முள்ளின் குழாயை வாளித் தண்ணீரில் அமுக்கி ஊதிப் பார்த்தார். குமிழி வந்தது. முள் உத்தமம். குழாயில்தான் அருகருகே இரண்டு துளை. பார்சல் அட்டைப்பெட்டியை எடுத்துக் குழாயைப் பொருத்திப் பார்த்தோம். தாங்கள் ஆபீஸ் ஸ்டேப்ளரால் அட்டையை மூடியபோது ஒரு பின் குழாயையும் சேர்த்துக் குத்தியிருக்கிறது. நான் இத்தனை நாளும் முள்ளைத்தான் சந்தேகித்தேன், குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முகம் இருப்பதைத்தான் சந்தேகிக்கத் தோன்றும் போலிருக்கிறது. ஓட்டை முனையை வெட்டி எறிந்தோம். அதற்குள் டாக்டரம்மா தன் தோழியையும் அவருடைய வண்டியையும் கூட்டிக்கொண்டு வந்தார். டாக்டரம்மாவின் வண்டியில் மீட்டரை மாட்டினேன், நான்கு முள்ளும் ஒரே கோட்டில் நின்றன; வண்டி சரிதான் என்று தங்கள் மீட்டரே சாட்சி சொல்லிவிட்டது. தோழியின் வண்டியைத் தங்கள் மீட்டரை வைத்தே சரி செய்துகொண்டிருக்கிறேன். மாதம் முடிய இன்னும் ஒரு நாள் இருக்கிறது. ஆகவே தங்கள் நிபந்தனைப்படியே நான் ஜெயித்துவிட்டேன், மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இனிமேல் பார்சலைத் தயவுசெய்து கயிறு கட்டி அனுப்பவும்.