குலுக்கல் அண்ணாச்சியும் ஆடாத மேடையும்

ஒரு பொருளைச் சந்தேகப்படுவதில் குலுக்கல் அண்ணாச்சியை மிஞ்ச மும்பையில் ஆள் கிடையாது. போலீஸ்காரர்கள் மனிதர்களைச் சந்தேகப்படுவார்கள். அண்ணாச்சி டப்பாக்களைச் சந்தேகப்படுவார். எதைக் கொடுத்தாலும் காதோரம் வைத்து ஒரு குலுக்கு. உள்ளே 'லொடக்' என்று சத்தம் வந்தால் அதோடு உறவு முடிந்தது. பெண் பார்க்கப் போன வீட்டில் காபி டம்ளரைக் குலுக்கிச் சட்டையெல்லாம் நனைத்துக்கொண்டார் என்று ஒரு வதந்தி உண்டு. அவரிடமே கேட்டேன்.

"காப்பி இல்லம்மா, மிச்சர் டப்பா" என்று திருத்தினார்.

செம்பூரில் ஒரு மாவு மில்லுக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். நாங்கள் செய்துகொண்டிருந்தது டிபன் கேரியர் அளவில் ஒரு பெட்டி. நோயாளியின் சளியை ஒரு சின்ன பிளாஸ்டிக் குப்பியில் அடைத்து உள்ளே செருகினால், பெட்டி அதைச் சூடாக்கி, ஆறவைத்து, மறுபடி சூடாக்கி, கிருமியின் மரபணுவைப் பெருக்கிப் பார்த்து, காசநோய் இருக்கிறதா இல்லையா, இருந்தால் வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படுமா என்று ஒரு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியின் லேப் செய்வதை தாராவிச் சந்தில் இருக்கும் கிளினிக்கே செய்ய வேண்டும். என் வேலை, அந்தப் பெட்டிக்குக் கையேடு எழுதுவது. பெட்டி ஒரு தடவையும் முடியாத நிலையில் கையேட்டை மூன்று தடவை முடித்திருந்தேன்.

கீழே மில் ஓட ஆரம்பித்தால் மாடி முழுக்க அதிரும். மேசையில் வைத்த டம்ளர் தானாக நடந்து விளிம்புக்குப் போகும். ஒரு வாரத்தில் பழகிவிட்டது. எல்லோரும் டம்ளரை ஒரு கையால் பிடித்துக்கொண்டே பேசக் கற்றுக்கொண்டோம். மில் ஓடாத நாளில் மாடிப்படிக் கதவைப் பூட்டிவிடுவார்கள் என்பதால் அன்று எங்களுக்கும் விடுமுறை. இந்த மில்லை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

அண்ணாச்சிக்குத் தாராவியில் பிளாஸ்டிக் அச்சு வார்க்கும் பட்டறை இருந்தது. எங்கள் முதலாளி வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த மாட்டுங்காக்காரர். ஆபீஸில் அவருக்குப் பெயர் பி.எச்.டி. பெட்டிக்கு மேல்மூடி செய்து தரச் சொல்லி அவர் அண்ணாச்சியைக் கூப்பிட்டார். அண்ணாச்சி வந்தார், பெட்டியைத் தூக்கினார், காதோரம் வைத்து ஒரே குலுக்கு. இரண்டு வருட உழைப்பு உள்ளே லொடலொட என்று உருண்டது.

"போர்ட்டபிள்னு சொன்னீய?" என்றார்.

"போர்ட்டபிள்தான். ரெண்டு கிலோகூட இல்ல. பேட்டரி இருக்கு, ஹேண்டில் இருக்கு" என்றார் பி.எச்.டி.

"கைப்பிடி இருந்தா போர்ட்டபிளா சார்? எங்க வீட்டு பீரோவுக்குந்தான் கைப்பிடி இருக்கு. தூக்கிட்டுப் போயி குர்லாவுல வண்டி மாறுவியளா?"

அன்றே அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார் பி.எச்.டி. பிறகு அதற்காகப் பலமுறை வருந்தினார்.

அண்ணாச்சியின் பரிசோதனை முறை எளிமையானது. புது மாடல் தயாரானதும் அதில் சிவப்புத் தண்ணீர் நிரப்பிய குப்பியைச் செருகி, ஓட விட்டு, வயிற்றோடு அணைத்துக்கொண்டு காலை எட்டு நாற்பதுக்கு செம்பூரில் ரயில் ஏறுவார். குர்லாவில் இறங்கிப் பாலம் ஏறி, கல்யாணிலிருந்து பிதுங்கி வரும் வண்டியில் மாறி, சயானில் இறங்குவார். திரையில் பச்சை விளக்கு எரிந்தால் நோட்டில் 'பிழைத்தது' என்று எழுதுவார். இல்லாவிட்டால் 'போச்சு'. வேறு அறிக்கை கிடையாது. ஒரு மாடலின் மூடி தட்டையாக இருந்ததால், பக்கத்து ஆள் அதன் மேல் வடாபாவை வைத்துச் சாப்பிட்டுவிட்டார். அண்ணாச்சி கோபப்படவில்லை. அடுத்த மாடலின் மூடி சரிவாக வந்தது.

கையேடு எழுதுகிறவளுக்கு இதெல்லாம் தெரிய வேண்டும் என்று ஒரு நாள் நானும் கூடப் போனேன். "ஏ பாய், மெஷின் ஹை, சம்பால்கே!" என்று, பார்த்துப் போகச் சொல்லி இந்தியில் அவர் கத்தக் கத்த, கூட்டம் எங்களைக் குர்லாவில் துப்பியது. என் இடது செருப்பு வண்டியோடு போய்விட்டது. ஒற்றைக்காலில் நிற்கிறேன். அண்ணாச்சி பதறிப்போய்த் திரும்பினார்.

"பெட்டி நல்லாருக்குல்லா?"

பெட்டி அவர் கையில்தான் இருந்தது. அந்தக் கேள்வியை நான் மன்னிக்க ஒரு மாதம் ஆயிற்று.

கடைசியில் எல்லாக் குலுக்கலுக்கும் பிழைத்த ஒரு மாடல் வந்தது. ஓர் அறக்கட்டளை அதைச் சோதித்துப் பார்க்க ஒப்புக்கொண்டது. அவர்கள் அனுப்பிய டாக்டர் அம்மாவின் நிபந்தனை ஒன்றுதான்: நோயாளி கிளினிக் வாசலைத் தாண்டும் முன் முடிவு கையில் இருக்க வேண்டும். தவறினால் அவ்வளவுதான், நாங்கள் மாடியைக் காலி செய்துவிட்டு மில்லுக்கு வழிவிட வேண்டியதுதான்.

தாராவி கிளினிக்கில் பெட்டியை வைக்க அருமையான கடப்பைக் கல் மேடை. அண்ணாச்சி அதையும் குலுக்கிப் பார்த்தார். அசையவில்லை. "இதுல்லா மேடை" என்று தட்டிக்கொடுத்தார்.

முதல் நோயாளி, தோல் பை தைக்கும் பட்டறையிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் வந்த ஒரு பெண். முன்பு வேறோர் இடத்தில் சளி கொடுத்துவிட்டு, முடிவு வாங்க இன்னொரு நாள் லீவு கிடைக்காமல் அப்படியே விட்டவள். "மூணு மணிக்கு நான் மெஷின்ல உக்காந்துரணும். அதுக்குமேல இங்க நிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு இருமினாள்.

குப்பியைச் செருகினோம். சிவப்பு விளக்கு. உள்ளே காற்றுக் குமிழி அடைத்துக்கொண்டது என்றது திரை. இரண்டாவது குப்பி. அதே குமிழி. பி.எச்.டி. வியர்த்தார். டாக்டர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பெண்ணும் பார்த்தாள். மிச்சமிருந்த சளி ஒரே ஒரு குப்பிக்குத்தான் வரும்.

அண்ணாச்சி மேடையையே முறைத்துக்கொண்டு நின்றார். திடீரென்று தலையில் அடித்துக்கொண்டார்.

"சார்! இது என்னைக்கு சார் சும்மா நின்னுச்சு? ரயில்ல ஆடிச்சு. ஆபீஸ்ல மில்லு ஆட்டிச்சு. ஆடாத எடத்துல வேல செய்ய அதுக்குத் தெரியாது சார்!"

உண்மைதான். எந்த ஆட்டத்துக்கும் அஞ்சாத பெட்டியைச் செய்யப் புறப்பட்டு, ஆட்டம் இல்லாமல் வாழத் தெரியாத பெட்டியைச் செய்து முடித்திருந்தோம்.

மூன்றாவது குப்பியைச் செருகியதும் அண்ணாச்சி பெட்டியை வாங்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஆட ஆரம்பித்தார். சினிமா ஆட்டம் இல்லை. கம்பி கிடைக்காமல் நடுவில் மாட்டிக்கொண்டவர் ஆடுகிற ஆட்டம். குமிழி விலகியது. ஓட்டம் தொடங்கியது. இனிக் கீழே வைக்கலாம் என்றார் பி.எச்.டி.

"மறுபடி அடைச்சா நீங்களா பதில் சொல்லுவிய?" என்றார் அண்ணாச்சி.

ஐம்பது நிமிடம் ஆடினார். நடுவில் அந்தப் பெண் எழுந்து செருப்பை மாட்டினாள். "உக்காரு தாயி, இப்பந்தான் திலக் நகர் தாண்டியிருக்கு" என்று, செம்பூருக்கு அடுத்த ஸ்டேஷனைச் சொன்னார்; மனதுக்குள் அவர் ரயிலில்தான் இருந்தார். அவள் சிரித்துவிட்டாள், உட்கார்ந்துவிட்டாள். குர்லா வந்தது. வெகுநேரம் குர்லாவிலேயே நின்றது. முழங்கால் வலியில் காலை மாற்றி மாற்றி ஊன்றினார்; நாற்காலி போட்டேன், காலால் தள்ளிவிட்டார். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது "சயான்!" என்று கத்தினார். திரையில் முடிவு வந்திருந்தது. காசநோய் இருந்தது. வழக்கமான மருந்துக்கே கட்டுப்படும் வகை. மாத்திரையோடுதான் அவள் வாசலைத் தாண்டினாள்.

போகிறபோது, "எனக்காவயா அண்ணாச்சி இவ்வளவு நேரம் ஆடுனீய?" என்று கேட்டாள்.

"இல்ல தாயி, குமிழிக்கு" என்றார்.

ஒவ்வொரு மெஷினோடும் இந்த ஆளையும் அனுப்புவீர்களா என்று டாக்டர் அம்மா இந்தியில் கேட்டார். அண்ணாச்சி மறுநாளே தாராவியில் செல்போன் ரிப்பேர் கடையில் போன் அதிர்வதற்கான குட்டி மோட்டார் ஒன்று வாங்கிவந்து பெட்டிக்குள் பொருத்தினார். 'தொடங்கும்போது பெட்டி சற்று நடுங்கும், பயப்பட வேண்டாம்' என்று கையேட்டில் ஒரு வரி சேர்த்தேன். நான் எழுதியதில் எல்லோரும் படித்த வரி அது ஒன்றுதான்.

இப்போது அந்தப் பெட்டி பல கிளினிக்குகளில் இருக்கிறது. எங்களுக்கு மில் இல்லாத, ஆடாத புது ஆபீஸ். அண்ணாச்சிக்கு முழங்கால் போய்விட்டது. ரயில் ஏறக் கூடாது என்று டாக்டர் உத்தரவு. ஆகவே புது மாடல் வந்தால் எட்டு நாற்பதுக்கு நான்தான் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன். பி.எச்.டி.க்குத் தெரியாது. போன வாரம் குர்லாவில் இறங்கியதும் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன்.

"பெட்டி நல்லாருக்கு அண்ணாச்சி, பச்சை விளக்கு எரியறது" என்றேன், அவர் கேட்பதற்கு முன்பே.

"பெட்டி கெடக்கட்டும்மா. நீங்க ரெண்டு செருப்போட எறங்குனீயளா?"

குனிந்து பார்த்தேன். இரண்டும் இருந்தன. போனைக் காலருகே பிடித்து, அவருக்குக் கேட்கும்படி இரண்டையும் தரையில் தட்டிக் காட்டினேன்.