கைக்கடிகார வாரின் கீழ் ஒரு நிறம்

வாசகரே, புதுக்கோட்டைச் சீமையில் வெயில் படாத உயிரில்லை. ஆயினும் தம்மை மட்டுமே அது தேடிவந்து வஞ்சித்ததாக நம்பும் ஓர் இனம் உண்டு. கண்டறிவது எளிது. நீர் வணக்கம் சொல்லுமுன்பே கைக்கடிகார வாரை விலக்கி, அதன் கீழ் ஒளிந்திருக்கும் வெளிறிய பட்டையைக் காட்டி, "இதாங்க நம்ம ஒரிஜினல் கலரு" என்பர். விரலகல நிலத்துக்குப் பட்டா வைத்துக்கொண்டு சமஸ்தானம் முழுவதற்கும் உரிமை கோருவார்களா? இவர்கள் கோருவார்கள்.

கோயிலிலும் இவரைப் பார்க்கவேண்டும். கார்மேக வண்ணனைப் பாடிக் கண்ணீர் மல்குவார். வெளியே வந்து, அம்மேகத்தின் சாயல் தம் மூக்கிலும் சிறிது படிந்திருப்பதைச் செல்பேசியில் கண்டு மறுபடியும் கண்ணீர் மல்குவார். முன்னது பக்தி. பின்னது?

வல்லத்திராக்கோட்டைச் சரவணக்குமார் இவ்வினத்தின் திலகம். உரக் கம்பெனிக்காக வயல்வயலாக பைக்கில் திரிபவன். ஞாயிறன்று திருக்கோகர்ணத்தில் பெண் பார்க்கவேண்டும். பெண் இளமதி அவன் படத்தைப் பார்த்து "வரச் சொல்லுங்க" என்றிருந்தாள். அப்படமோ செல்பேசி தானே கருணைகூர்ந்து வெளுத்துக் கொடுத்தது. படத்துக்கு ஆள் பொருந்தாவிட்டால் சம்பந்தம் போயிற்று.

தொடங்கிற்று அபிஷேகம். காலசந்தியில் தயிரும் கடலைமாவும், உச்சிக்காலத்தில் வெள்ளரிச்சாறு, சாயரட்சையில் கற்றாழையும் தக்காளிக் கூழும். தீபாராதனை ஒன்றுதான் குறை.

"டேய், ரசத்துக்கு வச்ச தக்காளி எங்கடா?" என்றார் தாய் மருதாயி.

"மூஞ்சியில இருக்கும்மா."

"அப்ப புளியையும் கரைச்சு ஊத்திக்கண்ணே. கொத்தமல்லி கிள்ளிப் போடுறேன், எறக்கிரலாம்" என்றாள் தங்கை சுகுணா.

ஞாயிறும் வந்தது. முகம் வெளுத்துத்தான் இருந்தது. ஆனால் பக்தர் கழுத்தை மறந்துவிட்டார்! காதும் கழுத்தும் கையும் பழைய நிறத்திலேயே நிற்க, தலையை மட்டும் யாரிடமோ இரவல் வாங்கிவந்தவன்போல் பெண்வீட்டுக் கூடத்தில் அமர்ந்திருந்தான். பெண்ணின் அத்தை செவந்திக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏந் தம்பி, மூஞ்சில கட்டுப் போட்டிருந்து இப்பத்தான் அவுத்தீகளா?"

கூடம் சிரித்தது. சம்பந்தம் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடப்பதைச் சரவணக்குமார் கண்ணாரக் கண்டான். என் செய்வான்? தன்னிடமிருந்த ஒரே ஆதாரத்தை எடுத்தான். கடிகார வாரை விலக்கி, "இதாங்க... ஒரிஜினல் கலரு" என்றான்.

இளமதி காப்பித் தட்டைக் கீழே வைத்தாள். நாள்தோறும் ஸ்கூட்டியில் ஆபீஸ் போகிறவள். தன் கடிகாரத்தையும் விலக்கினாள்.

"இங்கிட்டுப் பாருங்க. என்னோடது இதவிட ரெண்டு ஷேடு கூட!"

மணிக்கட்டும் மணிக்கட்டும் அருகருகே வைக்கப்பட்டன. ஜோசியர் எவரும் பாராத பொருத்தம்! அங்கேயே தட்டு மாற்றினர். முகூர்த்தம் சித்திரையில் வேண்டாமென்று மணமக்கள் ஒரே குரலில் மறுத்துவிட்டனர்.

சிரித்தது போதும், வாசகரே. சற்றுமுன் யாருக்கும் தெரியாமல் விலக்கிப் பார்த்தீரே, அந்தக் கடிகாரத்தை இழுத்துக் கட்டிக்கொள்ளும். அவ்விடத்தில் வெயில் பட்டுவிடப் போகிறது.