புயல் பொடியனின் கடைசி வார்த்தை

“போறேன்னு நான் சொல்ல மாட்டேன். வேற ஆளைப் பார்த்துக்குங்க.”

ஹெட்போனைக் கழற்றி மைக் ஸ்டாண்டில் மாட்டினாள் பொடியன். மாட்டிய வேகத்தில் ஸ்டாண்டு ஒரு சுற்றுச் சுற்றி, சுவரைப் பார்த்து நின்றது.

பொடியன் என்றதும் பையன் என்று நினைக்க வேண்டாம். ஐம்பதைத் தாண்டியவள். படியேறினால் முழங்கால் முனகும். ‘புயல் பொடியன்’ கார்ட்டூன் ஆரம்பித்த நாளிலிருந்து அந்தப் பறக்கும் பையனுக்குத் தமிழில் குரல் கொடுப்பவள் அவள்தான். டப்பிங் ஸ்டூடியோவில் வாட்ச்மேன் வரைக்கும் அவளைக் கூப்பிடுவது அந்தப் பெயரில்தான்.

இன்று கடைசி எபிசோடு. தொடரை நிறுத்துகிறோம் என்று கம்பெனி ஒரே வரியில் மெசேஜ் அனுப்பியிருந்தது. அதைப் படித்த நிமிஷத்திலிருந்து அவளுக்குக் கோபம். வீட்டில் இரண்டு கோப்பையும் புருஷனின் நிம்மதியும் ஏற்கெனவே உடைந்திருந்தன.

காட்சி இதுதான். பையனின் பரம எதிரியான சாம்பல் ராணி தோற்றுப்போய், உயிர் போகும் நிலையில் தரையில் கிடக்கிறாள். இத்தனை வருஷமாகக் கழற்றாத முகமூடி கழன்று பக்கத்தில் கிடக்கிறது. பொடியன் அவளைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொல்கிறான். திரும்பிப் பறந்துவிடுகிறான். முடிந்தது கதை. விஷயம் வெளியே கசிந்துவிடக் கூடாதென்று கம்பெனி அந்தக் காட்சியை மட்டும் ஒலியில்லாமல் அனுப்பியிருந்தது. ராணியின் முகத்தைக்கூட மங்கலாக்கியிருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த வசனகர்த்தா பொறுமையாக விளக்கினார். பையனின் உதடு ஒரு தடவை மூடித் திறக்கிறதாம். அதற்குப் பொருந்துவது ‘போறேன்’தானாம். பிரிந்து போகிறவன் வேறென்ன சொல்வான்?

“எந்த வீட்டுப் பிள்ளை சார் வாசல்ல நின்னு போறேன்னு சொல்லும்? பக்கத்துக் கடைக்குப் போனாக்கூட வரேன்னுதானே சொல்றோம்? ஊரே பார்த்து வளர்ந்த பிள்ளை. அவன் வாயால போறேன்னு சொல்ல வைக்கறீங்களே, உங்களுக்கு நாக்கு கூசலை?”

வசனகர்த்தாவுக்குக் கூசியதோ என்னவோ, “சரி, ‘போயிட்டு வரேன்’னு வச்சுக்கலாம்” என்று இறங்கிவந்தார்.

எடுத்தார்கள். போட்டுப் பார்த்தார்கள். ‘போயிட்டு’ வரைக்கும் பையனின் வாயில் பொருந்தியது. அதோடு அவன் வாய் மூடிவிட்டது. பக்கத்தில் நின்ற டப்பா என்கிற இயந்திர நாய் அப்போது பார்த்து வாயைத் திறந்தது. ‘வரேன்’ என்றது நாய்.

வேகமாகச் சொன்னால் அடங்கிவிடும் என்றாள் பொடியன். சொன்னாள். மொத்தமும் அடங்கியது. தும்மல் மாதிரி இருந்தது.

“ஜலதோஷமா?” என்று ஸ்பீக்கரில் ஒரு குரல் வந்தது.

சாம்பல் ராணியின் குரல் அது. ராணிக்குக் குரல் கொடுக்கும் பெரியவளை எல்லோரும் சாம்பல் என்றுதான் சொல்வார்கள். சாகும் வசனத்தைக் காலையிலேயே முக்கால் பக்கத்துக்கு முழங்கி முடித்துவிட்டு, வீட்டுக்குப் போகாமல், வசனகர்த்தாவுக்குப் பின்னால் சோபாவில் சாய்ந்திருந்தாள்.

இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது. என்றோ ஒரு நாள், பொடியன் பேசுவது நடிப்பில்லை, தொண்டைக்கட்டு என்று சாம்பல் சொன்னதாக யாரோ வந்து சொன்னார்கள். அன்றிலிருந்து அவளை அக்கா என்று கூப்பிடுவதைப் பொடியன் நிறுத்திவிட்டாள். பேச்சில் வந்தால் ‘அந்தம்மா’. அவ்வளவுதான் மரியாதை.

“தம்பி, அந்தம்மாவை மைக்ல கை வைக்க வேண்டாம்னு சொல்லு” என்றாள் பொடியன், ஒலிப்பதிவாளரைப் பார்த்து.

ஒலிப்பதிவாளர் சொல்லவில்லை. அவன் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. சின்ன வயதில் முதுகில் துண்டைக் கட்டிக்கொண்டு கட்டிலிலிருந்து பறந்து, பல்லை உடைத்துக்கொண்டவன். பொத்தான்களுக்கு நடுவே இன்னமும் ஒரு புயல் பொடியன் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான். காலையிலிருந்து கண் சிவந்திருந்தது. கேட்டால் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்றான்.

அவன்தான் ஒரு வழி சொன்னான். பையன் முதுகைத் திருப்பிய பிறகு வாய் தெரியாது. அங்கே ‘வரேன்’ வைக்கலாம்.

வைத்தார்கள். கச்சிதமாக இருந்தது. ஆனால் முன்னால் உதடு சும்மா அசைந்தது. அதை நிரப்ப, ராணியைப் பார்த்துப் ‘போ’ என்று ஒரு வார்த்தை போடச் சொன்னார் வசனகர்த்தா. தோற்றவளைப் போ என்று விடுவது பெருந்தன்மை என்றார்.

போட்டு ஓடவிட்டார்கள். உயிர் போய்க்கொண்டிருக்கிற ராணியைக் கனிவோடு பார்த்துச் சொன்னான் புயல் பொடியன்: “போ… வரேன்.”



“நீ முன்னால போ, பின்னாலேயே வரேங்கறான்” என்றாள் சாம்பல். “பச்சப்பிள்ளைங்க பார்க்கிற படம். நல்லா இருக்கு.”

அவ்வளவுதான். பொடியன் கதவை இடித்துத் திறந்துகொண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனாள்.

“எல்லாரும் கேட்டுக்குங்க. என் வயித்துல பொறந்த பிள்ளைங்ககிட்டக்கூட நான் இவ்வளவு பேசலை. அவன் அழுதப்ப நான் அழுதிருக்கேன். காய்ச்சலோட வந்து அவனைப் பறக்க வச்சிருக்கேன். அவனை அனுப்பி வைக்க ஒரு நல்ல வார்த்தை கேட்டா, ஒருத்தர் உதட்டை அளக்கறாரு, அந்தம்மா சிரிக்குது. எபிசோடு எபிசோடா அந்த ராணியை அடிச்ச அடி பத்தலை. இன்னும் நாலு போட்டிருக்கணும்.”

கடைசி வார்த்தையில் குரல் பிளந்தது. பையன் குரலில் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். தவளை மாதிரி வந்தது. தொண்டை போய்விட்டது.

“ஒரு வார்த்தைதானே” என்றாள் சாம்பல், எழுந்து புடவையை உதறி. “வேணும்னா நான் சொல்லிடறேன்.”

“என் பிள்ளைக்கு நீங்க வாயைத் திறந்தீங்கன்னா…”

“நீங்களா? அதுக்கு ஒரு முறை கிடையாதா? என்னை ஒரு தடவை முறை சொல்லிக் கூப்பிடு. விட்டுக் குடுத்துட்டு வீட்டுக்குப் போறேன்.”

“செத்தாலும் கூப்பிட மாட்டேன்.”

இதற்குள் வசனகர்த்தா பயந்துபோய்க் கம்பெனிக்குப் போன் போட்டிருந்தார். பேசியபோதுதான் விஷயம் உடைந்தது. கம்பெனி அனுப்பிய தாளில் அந்த இடத்தில் வசனமே இல்லை. ‘போறேன்’ என்பது உதட்டைப் பார்த்து அவரே போட்டுக்கொண்ட ஊகம். பொடியன் அவரைப் பார்த்த பார்வையில் அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். எபிசோடு நிற்கப்போகிறது என்றதும் கம்பெனி பணிந்து, அந்த ஒரு வார்த்தையின் ஒலியை மட்டும் அனுப்பிவைத்தது.

ஒலிப்பதிவாளர் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு கேட்டான். திரும்பவும் கேட்டான். மூன்றாம் தடவை கேட்டபோது ஏசி சுத்தமாக ஒத்துக்கொள்ளவில்லை. மூக்கை உறிஞ்சினான்.

“அப்படி என்னதான்டா சொல்றான்?” என்று இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

அவன் சாம்பலைப் பார்த்தான். பிறகு பொடியனைப் பார்த்தான்.

“போறேன்னும் சொல்லலை, வரேன்னும் சொல்லலைக்கா. ராணி முகத்தைப் பார்த்து, ‘அம்மா’ங்கறான்.”