பரிசோதகருக்கு நான் போட்ட கோப்பி

டென்மார்க்கில் எந்தப் பிழை செய்தாலும் மன்னிப்பார்கள். வீட்டுக்கு வந்தவருக்குக் கோப்பி கொடுக்காத பிழையை மட்டும் மன்னிக்க மாட்டார்கள். தண்ணீர்க் குழாய் திருத்த வருபவர்கூடச் சப்பாத்தைக் கழற்றும்போதே குசினிப் பக்கம் ஒருமுறை பார்ப்பார். (எட்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவள் நான். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும்.)

எங்கள் வீட்டில் கோப்பி இல்லை. தேத்தண்ணியும் இல்லை. நாங்கள் மோர்மன் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர்கள். இரண்டும் எங்களுக்கு விலக்கப்பட்டவை. இருபது வயதில் நான் சபையில் சேர்ந்தபோது இதை ஒரு பெரிய தியாகமாக நினைக்கவில்லை. யாழ்ப்பாணத்தாரிடமும் டேனிஷ்காரரிடமும் ஒரே நேரத்தில் மரியாதையை இழப்பதற்கு இதைவிடச் சுருக்கமான வழி இல்லை என்பது பிறகுதான் விளங்கியது.

போதாததற்கு எங்களுக்கு ஐந்து பிள்ளைகள். இரண்டு வருடத்துக்கு முன் ரூத்துக்குப் பத்து வயது. இரட்டையர்கள் யோனாவுக்கும் யோவேலுக்கும் எட்டு. தானியேலுக்கு ஐந்து. கடைக்குட்டி எஸ்தர் அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தாள். ("அஞ்சோ! டென்மார்க்கின்ர சனத்தொகைய நீங்கள் ஒரு ஆள்தான் தூக்கி நிறுத்துறியள் போல" என்று என் மச்சாள் ஒவ்வொரு கொண்டாட்டத்திலும் சொல்வாள்.) அதற்கும் மேலே, அந்த வருடம்தான் பிள்ளைகளை நான் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தேன். சாப்பாட்டு மேசையில் வைத்து நானே படிப்பிக்கிறேன். இந்த நாட்டுச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. ஆனால் கொம்யூன் என்கிற நகரசபையிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து, பிள்ளைகள் உண்மையில் ஏதாவது படிக்கிறார்களா என்று பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் மூன்று மாதத்தில் திரும்ப வருவார். அப்போதும் இல்லையென்றால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகவேண்டியதுதான்.

முதல் பரிசோதனைக்குக் கடிதம் வந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. வருபவரின் பெயர் கியர்ஸ்தன். அந்த நிமிடத்திலிருந்து எனக்கு ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. பின்னங்களை ஒழுங்காகப் படிப்பித்தேனா? டேனிஷ் எழுத்துப் பயிற்சி குறைவோ? நான் செய்வது பிள்ளைகளுக்கு நல்லதா, அல்லது என் பயத்துக்கு ஐந்து பிள்ளைகளையும் வீட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறேனா? அன்று வரை ஒருநாளும் கடைப்பிடிக்காத ஒரு நேரசூசியை ஐந்து நிறத்தில் கீறிச் சுவரில் ஒட்டினேன். பிறகு, நிறம் கூடினால் பொய் தெரிந்துவிடும் என்று பயந்து, கழற்றி, இரண்டு நிறத்தில் கீறினேன்.

கடைசியில் என் பயமெல்லாம் ஒரே இடத்தில் வந்து குவிந்தது. அவருக்குக் குடிக்க என்ன கொடுப்பது?

"தண்ணி குடும். தோடம்பழச் சாறு குடும். எங்களிட்ட கோப்பி இல்லையெண்டு நேர சொல்லும்," என்றார் கணவர்.

"அவா என்ன நினைப்பா? ஏதோ மூடு மந்திரக் கூட்டம் எண்டு நினைச்சால்?"

"அவா பிள்ளையளைப் பார்க்க வாறா. உம்மட குசினியப் பார்க்க வரேல்லை."

"உங்களுக்கு டேனிஷ் சனத்தைப் பற்றித் தெரியாது."

"நான் தெரியாமலே இருபது வருஷம் அவையோட வேலை செய்யிறன்?"

அவர் வேலைக்குப் போனதும் நான் போய் ஒரு பைக்கற் கோப்பித்தூள் வாங்கினேன். விருந்தாளிக்குக் கொடுப்பது பாவமில்லை என்று எனக்கு நானே நூறு தடவை சொன்னேன். சொன்னபடியே அதைக் கொண்டுபோய்க் களஞ்சிய அறையில் அரிசிப் பைக்குப் பின்னால் ஒளித்தேன். (பாவமில்லை என்றால் ஏன் ஒளித்தாய் என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை.) கஷ்ட காலத்துக்கென்று வீட்டில் உணவு சேமித்து வைப்பது எங்கள் சபை வழக்கம். அதனால் எங்கள் களஞ்சிய அறை ஒரு சின்னப் பலசரக்குக் கடை மாதிரி இருக்கும். அங்கே ஒரு பைக்கற் காணாமல் போவது சுலபம் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை பின்னேரங்களில் நாங்கள் குடும்பமாக உட்கார்ந்து பாட்டுப் பாடி, ஜெபித்து, ஒரு பாடம் படிப்போம். பாடம் சொல்வது முறை வைத்து மாறும். அந்தத் திங்கள் ரூத்தின் முறை. அவள் எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, அன்றைய தலைப்பை அறிவித்தாள்: நாங்கள் ஏன் கோப்பி குடிப்பதில்லை.

இருபது நிமிடம். நான் எஸ்தரை மடியில் வைத்து, அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவில் இரட்டையர்கள் ஒரு பெரிய தாளில் கோப்பிக் கோப்பை ஒன்று கீறி, அதன் குறுக்கே சிவப்பு நிறத்தில் ஒரு பெரிய புள்ளடி போட்டார்கள். தானியேல் அதைக் கொண்டுபோய் நேரசூசிக்குப் பக்கத்தில் ஒட்டினான். காலையில் கழற்றுவோம் என்று நினைத்தேன்.

காலையில் நான் எதை நினைத்தேன் என்று எனக்கு இப்போதும் தெரியாது. படத்தை நினைக்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

கியர்ஸ்தன் சரியாகப் பத்து மணிக்கு வந்தார். அறுபது வயதிருக்கும், கம்பளிச் சட்டை, நல்ல சிரிப்பு. ஐந்து கதிரைகள் காலியாக இருக்க, படத்துக்கு நேரே கீழே இருந்ததில் போய் உட்கார்ந்தார்.

"கோப்பி குடிக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

"ஓ, மிகவும் நன்றி."

குசினிக்கு ஓடினேன். அங்கேதான் எனக்கு ஒரு உண்மை விளங்கியது: நான் வாழ்க்கையில் ஒருநாளும் கோப்பி போட்டதில்லை. பைக்கற்றில் போட்டிருந்த செய்முறை, எங்களிடம் இல்லாத ஒரு மெசினுக்கு. மல்லித்தண்ணி அவிக்கிறமாதிரி அவிப்போம் என்று முடிவெடுத்தேன். சட்டியில் தண்ணீர், நான்கு கைப்பிடி தூள், பத்து நிமிடம் கொதி. வடிகட்டுவதற்குத் தேத்தண்ணி வடி இல்லை, தேத்தண்ணியே இல்லாத வீட்டில் வடி எப்படி இருக்கும்? எஸ்தரின் வாய் துடைக்கும் மெல்லிய துணி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. (தோய்த்ததுதான். சத்தியமாகத் தோய்த்ததுதான்.)

மணம் வீடு முழுக்கப் பரவியது. நான் கோப்பையோடு வந்தபோது மேசையைச் சுற்றியிருந்த மூத்த பிள்ளைகளின் நான்கு முகங்களும் என்னைப் பார்த்தன. சிலுவைப்போருக்குப் புறப்படுகிற முகங்கள்.

கியர்ஸ்தன் ஒன்றையும் கவனிக்காமல் சொன்னார்: "நீங்கள் வழக்கமாகத் தொடங்குவதுபோலவே தொடங்குங்கள். நான் இங்கே இல்லை என்று நினையுங்கள்."

நாங்கள் வழக்கமாக ஜெபத்தோடு தொடங்குவோம். அதற்கும் முறை உண்டு. அன்று தானியேலின் முறை. அவன் கதிரையில் முழங்காலிட்டு, கைகளைக் கட்டி, கண்களை இறுக மூடினான். விருந்தாளிக்கும் விளங்கவேண்டும் என்று டேனிஷில் தொடங்கினான்.

"அன்புள்ள பரலோகப் பிதாவே, இந்த நாளுக்காக நன்றி. கியர்ஸ்தன் வந்ததற்கு நன்றி. அவர் அந்தக் கோப்பியைக் குடித்தால் அவருக்கு வருத்தம் வராமல் பார்த்துக்கொள்ளும். அம்மாவை மன்னியும். அம்மா அதை அரிசிப் பைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார். நான் ஒளித்துப் பிடித்து விளையாடும்போது கண்டேன். அப்பாவுக்குத் தெரியாது. ஆமென்."

"ஆமென்," என்றார் கியர்ஸ்தன்.

பிறகு அண்ணாந்து பார்த்தார். சிவப்புப் புள்ளடி. கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மரியாதையுள்ள பெண், ஒரு மிடறு குடித்தார். நான் அவருடைய கண்கள் நிறைவதைக் கண்டேன். விழுங்கிவிட்டுச் சிரித்தபோது பல்லில் கோப்பித்தூள்.

அதற்குப் பிறகு பரிசோதனை தொடங்கியது. தொடங்கியது என்று சொல்வதே அதிகம். ஏழு எட்டு எத்தனை என்று இரட்டையர்களிடம் கேட்டார். இரண்டு பேரும் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரூத்திடம் ஒரு பந்தியை வாசிக்கக் கொடுத்தார். ரூத் என் முகத்தைப் பார்த்து அழத் தொடங்கினாள். கியர்ஸ்தன் தாளில் ஏதோ எழுதினார். மூன்று மாதம், அதன் பிறகு பள்ளிக்கூடம், மச்சாளின் முகம் எல்லாம் வரிசையாக என் கண்முன் வந்தன. ஒரு பைக்கற் தூளால் என் பிள்ளைகளின் படிப்பை முடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கியர்ஸ்தன் பேனாவைக் கீழே வைத்தார். கோப்பையை மேசையின் கரைக்குத் தள்ளினார்.

"ரூத், எனக்கு ஒன்று சொல். கோப்பியில் என்ன பிழை?"

ரூத் மூக்கைத் துடைத்தாள். எழுந்து நின்றாள். திங்கட்கிழமைப் பாடத்தை முதலிலிருந்து தொடங்கினாள், நல்ல சுத்த டேனிஷில். கியர்ஸ்தன் எதிர்த்துக் கேள்வி கேட்டார். நாற்பது வருடமாகக் குடிக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றார். ரூத் விடவில்லை. "இன்றைக்குக் குடித்தது எப்படி இருந்தது?" என்று கேட்டாள். கியர்ஸ்தன் பல்லில் ஒட்டியிருந்த தூளை நாக்கால் துழாவினார்.

"சரி. அந்த அரிசிப் பையை எனக்குக் காட்டுவீர்களா?" என்று கேட்டார்.

நான் தடுக்கமுன் தானியேல் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். அங்கே உள்ள சாமானையெல்லாம் கண்டு, உலகம் முடியப்போகிறது என்று காத்திருக்கும் சனம் என்று நினைக்கப்போகிறாரே என்று நான் பின்னால் ஓடினேன். களஞ்சிய அறையில் நான் ஒளித்த இடத்தைத் தானியேல் நூதனசாலை வழிகாட்டி மாதிரி விளக்கிக்கொண்டிருந்தான்.

"இவ்வளவு அரிசி எத்தனை நாளைக்குக் காணும்?" என்று கியர்ஸ்தன் இரட்டையர்களிடம் கேட்டார்.

"ஐம்பது கிலோ. ஒரு நாளைக்கு ஒன்றரைக் கிலோ," என்றான் யோனா. "முப்பத்துமூன்று நாள்."

"அரைக் கிலோ மிஞ்சும்," என்றான் யோவேல். "அதில் மத்தியானச் சாப்பாடு மட்டும் சாப்பிட்டு இரவு பட்டினி கிடக்கலாம்."

"மச்சாளும் வந்தால் நாள் குறையும்," என்றான் யோனா. (மச்சாள் என்பது அவர்களுக்கு மாமி. என் வாயிலிருந்து கேட்ட சொல்.) அவள் எவ்வளவு சாப்பிடுவாள் என்பதில் இருவரும் சண்டை பிடித்து, அதையும் பின்னத்தில் கணக்குப் பார்த்தார்கள். கியர்ஸ்தன் ஒரு பருப்புப் பையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. பரிசோதனை திருப்தி. வாய்மொழியாக விளக்கும் திறனும் அன்றாடக் கணக்கும் மிக நன்று. கணவர் (பிள்ளைகள் எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லியிருந்தார்கள்) அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, களஞ்சியத்துக்குப் போய், மிச்சக் கோப்பித்தூளைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். பிறகு போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். அதுதான் பயங்கரம். மூன்று நாள் கழித்து, நான் கடையிலிருந்து வந்தபோது, பைகளை எட்டிப் பார்த்துக் கேட்டார்: "இண்டைக்கு எதை எங்க ஒளிக்கப் போறீர்?" அன்றிலிருந்து நான் ஒரு பை தூக்கினாலும் யாராவது ஒரு பிள்ளை அதைக் கேட்கும்.

அடுத்த வருடம் கியர்ஸ்தன் சொந்தமாக ஒரு தேர்மோஸில் கோப்பி கொண்டு வந்தார். தானியேல் அதைப் பணிவாக வாங்கி, வாசற்படியில் வைத்து, "நீங்கள் அங்கே இருந்து குடிக்கலாம், இன்றைக்கு மழை இல்லை," என்றான். அவர் படியில் உட்கார்ந்து குடித்தார். இரட்டையர்கள் திறந்த கதவால் அவருக்கு வாசித்துக் காட்டினார்கள். அந்த வருடமும் திருப்தி.

ஆனால் அறுபது வயதுப் பெண்ணை குளிர்ந்த படியில் இருத்தினோமே என்று எனக்கு நித்திரை இல்லை. இந்த வருடம் அடுத்த செவ்வாய் வருகிறார். நேற்றுப் போய், அவருக்கு வாசலில் போட மெத்தை வைத்த கதிரை ஒன்று வாங்கினேன். காரிலிருந்து இறக்க நான் திண்டாடிக்கொண்டிருந்தபோது, கணவரும் ஐந்து பிள்ளைகளும் வாசலில் வரிசையாக வந்து நின்றார்கள். இப்போது நன்றாகப் பேசத் தொடங்கிவிட்ட எஸ்தர்தான் முதலில் கேட்டாள்.

"அம்மா, இதை எங்க ஒளிக்கப் போறியள்?"